அப்பத்தாவின் பாதிப் போர்வை: மிச்சத்தையும் பூவாகவே தைப்பதா, ஒற்றைத் துணியில் வைத்துத் தைப்பதா?

அப்பத்தா போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தால், ஒட்டுத்துணிப் போர்வை இரண்டு, இரண்டுமே பாதியில் நிற்கிறது. ஒன்றை மதினி எடுத்துக்கொண்டார் (அத்தை மகள், ராமநாதபுரம் டவுனில் இருக்கிறார்), இன்னொன்று மண்டபத்துக்கு என்னோடு வந்தது. மாதிரி வரைந்த தாள், அளவுக் குறிப்பு எதுவும் இல்லை. இரண்டு பேரும் இரண்டு விதமாக முடித்தோம், இரண்டு போர்வையும் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை, அதனால் மதினி பக்கம் கொஞ்சம் குறைத்துச் சொல்வது போலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி இல்லை என்று முதலில் பயந்தோம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மாதிரி உள்ளேயே இருக்கிறது. அறுகோணமாகத் தாளை வெட்டி, அதன் மேல் துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைக்கிற முறை இது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு, ஆக ஒரு பூவுக்கு 19 துண்டு. அமெரிக்காவில் 1930களில் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்ற பெயரில் ரொம்பப் பிரபலமாக இருந்த மாதிரி. அப்பத்தாவுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது ஒரு கன்னியாஸ்திரி, அந்த வழியாக வந்திருக்கலாம். தாள் மட்டும் நம்மூர்த் தாள், எல்லாம் கல்யாணப் பத்திரிகை! ஒன்றில் மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே இருக்கிறது, இன்னொன்றில் 'நிகழும் ஆனந்த ஆண்டு' வரை வந்து வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனந்த ஆண்டு என்றால் 1974-75. ஆக, துணிக்கும் சுமார் ஐம்பது வயது.

மதினி செய்தது: புதுத் துணி வாங்கி, மிச்சத்தையும் அதே அறுகோணப் பூவாகவே தைத்து முடிப்பது. பார்க்க அதுதான் அழகு, அதில் சண்டையே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பக்கம் ஒரு அங்குல அறுகோணத்தில், ஒருவர் படுக்கும் அளவுக்கு (60க்கு 90 அங்குலம்) இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டு வேண்டும். என் பங்கில் இருந்தது 23 பூ, அதாவது 437 துண்டு, அவர் பங்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மணிக்கு எட்டுத் துண்டு என்று வைத்தாலும் மிச்சத்துக்கு இருநூறு மணி நேரம். இன்னொரு சங்கடம் அளவு. உள்ளே இருந்த தாளை எடுத்து அளக்காமல், துணியை இழுத்துப் பிடித்து அளந்துவிட்டார். துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கூடியது, இருபது துண்டு வரிசையில் அது இரண்டு சென்டிமீட்டர். பழசும் புதுசும் சேருகிற இடத்தில் இன்றைக்கும் லேசாகச் சுருக்கம் விழுந்து நிற்கிறது.

மெஷினில் தைக்கலாமே என்று கேட்பீர்கள். மூலைக்கு மூலை ஊசியை இறக்கி நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டும், அறுகோணத்துக்கு ஆறு மூலை. வேண்டாம்.

நான் செய்தது: இருக்கிற 23 பூவோடு நிறுத்திக்கொண்டு, ஒரு பெரிய ஒற்றைத் துணியின் நடுவில் அதை வைத்துக் கையால் தைப்பது. பரமக்குடியில் வாங்கிய வெளுக்காத கைத்தறித் துணி, இரண்டு அகலத்தை ஒட்டியது. பளிச்சென்ற வெள்ளை எடுக்காதீர்கள், பக்கத்தில் பழைய வெள்ளை அழுக்காகத் தெரியும். ஓரம் பல் பல்லாக இருக்கிறதே என்று நேராக வெட்டவும் வேண்டாம். மற்ற தாளை எல்லாம் உருவிவிட்டு, ஓர வரிசையில் மட்டும் தாளை விட்டுவைத்தால் மடிப்பு கலையாமல் நிற்கும், தைத்துக்கொண்டு வரும்போதே ஒவ்வொன்றாக உருவலாம். ஆனால் உருவாமல் விட்டுவிடாதீர்கள், பழைய தாள் துணியைப் பழுப்பாக்கும்.

சரி, எனக்கு இதை முடிவு செய்து கொடுத்தது துவைப்பு. அழகு, நேரம், செலவு எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஐம்பது வருஷத் துணி எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது, புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும். இரண்டும் மாறி மாறி வரும் போர்வையில் ஒவ்வொரு துவைப்பும் ஒரு இழுபறி. மதினி தன் புதுத் துணியை ஒருமுறைதான் நனைத்து எடுத்தார். அதில் ஒரு சிவப்புச் சுங்குடியும் இருந்தது. முதல் துவைப்பில் அதைச் சுற்றியிருந்த பழைய வெள்ளை எல்லாம் ரோஸ். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். சாயம் உப்புக்கு நிற்பதாக இருந்தால் நம்மூர்ப் பக்கம் எந்தத் துணியும் சாயம் போகக்கூடாதே, கிணறே உப்புதானே! வெந்நீரில் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் கனம். நனைந்த போர்வையைத் தூக்கிக் கொடியில் போடும்போது மொத்தப் பாரமும் தையலில் விழும். மதினியுடையதில் பாரத்தைத் தாங்குவது பழைய துண்டுகளே, இரண்டு இடத்தில் துணியே பிரிந்துவிட்டது. என்னுடையதில் அடியில் ஓடும் ஒற்றைத் துணி தாங்குகிறது, பூக்கள் சும்மா மேலே உட்கார்ந்திருக்கின்றன. அப்படியும் நான் கொடியில் போடுவதில்லை. கயிற்றுக் கட்டிலில் விரித்து நிழலில் காயவைத்து, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவேன். ராத்திரி வெளியில் கிடந்தால் உப்புக் காற்றில் பிசுபிசுத்துப் போகும்.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. மண்டபத்துப் புழுக்கத்துக்கு எதற்கு? பருத்திப் பஞ்சு ஐப்பசி கார்த்திகையில் காய்ந்து முடிப்பதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். பாலியஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும், ஆனால் அதன் இழை பழைய துணியின் கண் வழியே வெளியே வரும். அப்பாவின் பழைய மல் வேட்டியை நடுவில் விரித்து, அடியில் காடாத் துணி கொடுத்து, ஓட்டுத் தையல் போட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டியது, வாடை இல்லை. ஐந்து வருஷம் கழித்து வேட்டி உள்ளே கிழியுமா என்று கேட்டால், இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை.

என் முறையில் குறையும் உண்டு. கட்டிலில் விரித்தால் பூ எல்லாம் நடுவில் தீவு மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு அம்மா, "பாதியிலயே விட்ட மாதிரி இருக்குடி" என்றார். பெட்டியில் துருப்பிடித்த குண்டூசிகள் விட்ட கறையும் வரிசையாக அப்படியே இருக்கிறது. ப்ளீச் போட்டால் துருக்கறை இன்னும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் மதினி போர்வையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

மதினி இப்போது பிரிந்த இரண்டு இடத்துக்கும் ஒட்டுப் போட உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் போனில், "உருவுன தாள் வச்சிருக்கியா, அதுல ஒரு பத்து கொடு, இந்தத் தடவை தாளை வச்சே வெட்டுறேன்" என்றார். மஞ்சள் மூலை இருப்பதை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றதைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.