தூத்துக்குடி துறைமுகம்: ஒரு ஏற்றுமதியாளரின் நீண்டநாள் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் காயர் பித் (தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும்போது உதிரும் தூள்) கட்டிகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் டிஸ்பேட்ச் வேலையைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எங்கள் சரக்கில் பெரும்பங்கு தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாகத்தான் போகிறது. ஏன் தூத்துக்குடி, அங்கே எதில் கவனம் வேண்டும் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

கிலோமீட்டர் கணக்குப் பார்த்தால் எங்களுக்குக் கொச்சிதான் கிட்டம். அப்படியிருந்தும் தூத்துக்குடியை விடாததற்கு முதல் காரணம் காலி கன்டெய்னர். உடுமலை, கோவை பக்கத்துப் பேப்பர் மில்களுக்கு வேஸ்ட் பேப்பர், இன்னும் மரம், முந்திரிக் கொட்டை என்று இறக்குமதி நிறைய வருகிறது. அவற்றை இறக்கியதும் பெட்டி காலியாகிறது, ஏற்றுமதிக்குக் கிடைக்கிறது. பித் மலிவான சரக்கு, இடமோ நிறைய அடைக்கும். நாற்பதடி ஹை கியூப் (உயரம் கூடிய) பெட்டி வேண்டிய நாளில் கிடைக்காவிட்டால் எங்கள் லாபம் அங்கேயே போய்விடும்.

பெட்டி கிடைத்தால் மட்டும் போதாது. காலிப் பெட்டி வைத்திருக்கும் யார்டில் எடுக்கும்போதே ஒருவர் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடலில் உள்ளே போகும் நீர் முழுவதையும் பித் உறிஞ்சிவிடும். தரைப் பலகையில் பழைய சரக்கின் வாடையோ ஈரமோ இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். டிரைவர் அவசரப்படுவார், யார்டுக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

முன்பு சரக்கை சி.எஃப்.எஸ். (துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் சரக்கு நிலையம்) வரை லாரியில் கொண்டுபோய், அங்கே இறக்கி, மறுபடி பெட்டியில் ஏற்றுவோம். கட்டிகள் உடையும், கூலி இரட்டிப்பாகும். 2017-ல் ஜி.எஸ்.டி.யோடு செல்ஃப் சீலிங் (பெட்டிக்கு ஏற்றுமதியாளரே சீல் வைப்பது), இ-சீல் (எலக்ட்ரானிக் சீல்) நடைமுறை வந்த பிறகு ஃபேக்டரியிலேயே ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கு ஏற்றுவது) முடித்து சீல் வைத்து அனுப்புகிறோம். இந்த ஒரு மாற்றம் எங்களுக்குச் செய்த உதவி பெரிது. எடைச் சான்று மட்டும் கவனம்: 2016 ஜூலையிலிருந்து வி.ஜி.எம். (சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை) இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மழைக்காலத்தில் பித்தின் ஈரம் கூடினால் எடையும் கூடும், பழைய கணக்கை வைத்து எழுதிக்கொடுக்கக் கூடாது.

துறைமுக கேட், கஸ்டம்ஸ், மதுரைச் சாலை, இவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. தலைவலி கொழும்பில்தான். இங்கிருந்து ஐரோப்பா போகும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபீடர் என்கிற சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே மதர் வெசல் என்கிற பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கடல் தூரம் ஒரு நாளுக்குள் அடங்கும். ஆனால் இறங்கிய பெட்டி அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை. 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்ததும் கொழும்பில் நெரிசல் கடுமையானது. 2024-ல் ஒரு லைன் (கப்பல் கம்பெனி) எங்கள் பெட்டிகளை ஒரு கப்பலிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று தள்ளிக்கொண்டே போனது. நாங்கள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "அடுத்த வெசல் சார்." நெதர்லாந்தில் நடவு சீசனுக்குக் காத்திருந்த வாடிக்கையாளருக்கு அந்தப் பதிலை எப்படிச் சொல்வது?

அதனால் இப்போது புக்கிங் போடும் முன்பே, கொழும்பில் எந்த மதர் வெசல், அது எந்தத் தேதி என்று எழுத்தில் கேட்கிறோம். பெட்டிக்கு இவ்வளவு ஃப்ரைட் (கப்பல் கட்டணம்) என்று மட்டும் பார்த்து லைனைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டோம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கனெக்‌ஷன் உறுதியாக உள்ள லைன்தான் கடைசியில் மலிவு.

இந்த நிலை மாறத் தூத்துக்குடி துறைமுகத்தில் ஆழம் வேண்டும். பெரிய கப்பல் நேரடியாக வந்தால்தான் கொழும்பை நம்பியிருப்பது குறையும். 2024 செப்டம்பர் 16-ல் திறந்த புதிய கன்டெய்னர் டெர்மினலில் 370 மீட்டர் பெர்த் (கப்பல் நிற்கும் தளம்), 14.20 மீட்டர் டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் அமிழும் ஆழம்). அதே வருடம் பிப்ரவரியில் வெளித்துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தென்மாவட்டத் தொழில்களுக்கு இதைவிட அவசியமான திட்டம் வேறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பெர்த் கட்டினால் மட்டும் லைன்கள் வந்துவிடாது. வாராவாரம் நிரப்பும் அளவு சரக்கும் வேண்டும். திருப்பூரும் கரூரும் எங்களைப் போன்றவர்களும் சேர்ந்து அந்த உறுதியைக் கொடுக்க முடியும்.

 

அப்புறம், வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் மாவட்டமே மூழ்கியது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. அதிலிருந்து நவம்பர், டிசம்பர் மாதங்களில் கேட் கட்-ஆஃபை (துறைமுகத்துக்குள் பெட்டி நுழையக் கடைசி நேரம்) ஒட்டி வண்டி அனுப்புவதில்லை. இரண்டு நாள் முன்கூட்டியே கிளப்பிவிடுகிறோம். டிரெய்லர் நிறுத்தி வைக்கும் வாடகையை விலை போடும்போதே சேர்த்துவிடுகிறோம்.