ரிமோட் ஸ்டார்ட் ரேஞ்ச் கிட்: பெட்டியில் போட்ட மைல் கணக்கை விடுங்கள், ஆன்டெனாவைப் பாருங்கள்

டிரக்கோடு கம்பெனியே கொடுத்த ரிமோட் ஸ்டார்ட் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று அழுத்தினால் எஞ்சின் எழுவதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போட்டது 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும் இருவழி ரிமோட் கிட். முன்கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா, டேஷ்போர்டுக்கு அடியில் போகும் கன்ட்ரோல் பெட்டி, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை எழவிடாத பூட்டான இம்மொபிலைசரைச் சமாளிக்கும் பைபாஸ் மாட்யூல், பெரிய ரிமோட் ஒன்று, எல்லாம் சேர்ந்ததுதான் கிட். வைப்பர், கம்ப்யூஸ்டார் என்று இந்த வகையை விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதனால் இதை ஒரு பிராண்டின் விமர்சனமாக எடுக்காமல் இந்த வகையின் விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், நிச்சயம் வாங்கலாம், ஆனால் பெட்டிக்குள் இருப்பது பாதிதான், மீதிப் பாதி அதைப் பொருத்துபவரின் கையில் இருக்கிறது.

கம்பெனி ரிமோட் ஏன் இவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறது என்று தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சாவி ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 433.92. லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் கருவி என்பதால் அதற்கு அனுமதிக்கப்படும் சக்தி மிகவும் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) டிரக்குகள் பலவற்றின் கையேட்டிலேயே ரிமோட் 60 மீட்டர் வரை எட்டலாம் என்றுதான் போட்டிருக்கும், அதுவும் 'எட்டலாம்' தான். 315 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு நீளத்துக்காவது, அதாவது 24 சென்டிமீட்டருக்காவது, ஆன்டெனா இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் சாவியில் அதற்கு இடமேது? சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஓடும் ஒரு செம்புக் கோட்டைத்தான் ஆன்டெனாவாக வைத்துச் சமாளிக்கிறார்கள். மறுமுனையில் ரிசீவரோ பல டிரக்குகளில் டேஷ்போர்டுக்குள், குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்துக்கும் வயர் கட்டுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் அந்த அகலமான உயரமான பானெட் வேறு.

900 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் கால் அலை 8 சென்டிமீட்டர்தான். அது ரிமோட்டுக்குள் கிட்டத்தட்ட அப்படியே அடங்கிவிடும். அமெரிக்காவில் 902 முதல் 928 வரையிலான அலைவரிசையில், சிக்னலைப் பல சேனல்களில் பரப்பி அனுப்பும் கருவிகளுக்கு 1 வாட் வரைக்கும் அனுமதி உண்டு. கம்பெனி சாவிக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஒன்றைக் கவனியுங்கள், இந்த அலைவரிசை அமெரிக்கக் கண்டங்களுக்கானது, மற்ற நாடுகளில் இதே பகுதி மொபைல் நெட்வொர்க்குக்கோ வேறு எதற்கோ போயிருக்கும், ஆகவே ஆன்லைனில் பார்த்ததும் வரவழைத்துவிடாமல் உங்கள் நாட்டில் அனுமதி உள்ள மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

சக்தியைக் கூட்டினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் சக்தி நாலு மடங்கு வேண்டும். ஆனால் ரிமோட்டும் வண்டியும் தரையை ஒட்டி இருக்கும்போது தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து சிக்னலைக் கெடுப்பதால், தூரம் கூடக்கூட அது 16 மடங்கு வரை போகும். ஆன்டெனாவை நல்ல இடத்துக்கு ஏற்றினால் கிடைக்கும் பலன், ரிமோட்டின் சக்தியைக் கூட்டிக் கிடைப்பதைவிடப் பல நேரம் அதிகம் என்று சொல்வது இதனால்தான். 1 மைல், 2 மைல், 3 மைல் என்று பெட்டியின் மேல் போட்டிருப்பதெல்லாம் குறுக்கே எதுவும் இல்லாத சமவெளிக் கணக்கு. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவரும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடியும் வந்துவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

என் விஷயத்தில் இது நேரடியாகவே தெரிந்தது. முதலில் பொருத்தியவர் ஆன்டெனாவைக் கண்ணாடியின் கீழ் மூலையில், ஓரத் தூணை ஒட்டி வைத்துவிட்டார். பார்க்க அழகாக இருக்கும், வயரும் வெளியே தெரியாது என்றார். தூரம் கூடியது உண்மைதான், ஆனால் கொடுத்த காசுக்கு அது போதவே போதாது, அதிலும் வண்டியின் ஒரு பக்கம் நின்றால் எடுக்கும், மறு பக்கம் போனால் எடுக்காது. அப்புறம் வேறொருவரிடம் கொண்டு போய் அதே ஆன்டெனாவை, அதே ரிமோட்டை, கண்ணாடியின் மேல்பக்க நடுவில், ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில், கூரை விளிம்பிலிருந்து நாலைந்து விரல் தள்ளி ஒட்ட வைத்தேன். ஒரு பாகம்கூட மாற்றவில்லை. இப்போது எந்தப் பக்கம் நின்றாலும் எடுக்கிறது, முன்பு நடுவழியில் செத்துப்போன இடங்களிலிருந்தெல்லாம் எடுக்கிறது. இதை அனுபவித்த பிறகு கிட்டைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்றுதான் நான் கேட்கிறேன்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. கண்ணாடியில் உலோகம் கலந்த சன் ஃபிலிம் ஒட்டியிருந்தாலோ, சூடாக்குவதற்கு உள்ளே உலோகப் படலம் வைத்த கண்ணாடியாக இருந்தாலோ ஆன்டெனா பாதிக்கு மேல் குருடாகிவிடும், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிய டிரக்குகளில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் மழை சென்சாரும் இருக்கும், அவற்றின் பார்வையை மறைக்காத இடமாக ஒட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆன்டெனா கேபிள் இறங்கும் பாதை. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அது முன் தூணின் மூடிக்குள்ளேதான் தொடங்குகிறது, அதன் முன்னால் கேபிளை இழுத்துக் கட்டினால் விபத்து நேரத்தில் பை விரிவதற்குக் குறுக்கே நிற்கும். ஏர்பேக்குக்குப் பின்னால், ஏற்கெனவே இருக்கும் வயரோடு சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். மூடியைக் கழற்றாமல் விரலால் கேபிளைத் திணிக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

டீசல் டிரக் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். டீசல் எஞ்சின் சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் க்ளோ பிளக் சூடாகும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யும்படி கன்ட்ரோல் பெட்டியில் செட் செய்திருக்கிறார்களா என்று. பெட்ரோல் செட்டிங்கிலேயே விட்டுவிட்டால் குளிர் நாளில் சும்மா சுற்றிச் சுற்றி பேட்டரிதான் இறங்கும், தூரத்தில் நிற்கும் உங்களுக்கோ ரேஞ்ச் இல்லை என்றுதான் தோன்றும்.

இனி ரிமோட். இந்தக் கிட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தூரத்தைவிட, திரும்பி வரும் பதில்தான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ரிமோட் அதிர்ந்து, பீப் அடித்து, விளக்கு காட்டும். பல கம்பெனி சாவிகளில் அழுத்திவிட்டு, ஆனதா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், பார்க்க முடியாத தூரம் என்றால் ரேஞ்ச் இருந்தும் பயனில்லை. இதில் பானெட் சரியாக மூடவில்லை, பிரேக் அழுத்தியிருக்கிறது என்பது மாதிரி காரணங்களால் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதையும் ரிமோட்டே சொல்லிவிடுகிறது. ஆனால் பதில் வரவில்லை என்பதற்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. ரேஞ்சின் எல்லையில் நிற்கும்போது உங்கள் கட்டளை வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், வண்டியின் பதில் உங்களை எட்டாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் மறுபடி அழுத்தினால், பல மாடல்களில் ஸ்டார்ட்டுக்கும் ஆஃபுக்கும் ஒரே பட்டன் என்பதால், ஓடுகிற எஞ்சினை நீங்களே நிறுத்திவிடுவீர்கள். கொஞ்சம் நகர்ந்து நின்று ரிமோட்டில் நிலையைக் கேட்டுப் பாருங்கள், அதற்கென்று தனி கட்டளை இருக்கும்.

குறைகளும் உண்டு. ரிமோட் பெரிது, சட்டைப் பையில் உறுத்தும். பல மாடல்களை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். புஷ் பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் ஓட்டுவதற்குக் கம்பெனி சாவியும் கூடவே வேண்டும், ஆக இரண்டையும் சுமக்க வேண்டியதுதான். சில டிரக்குகளில் கதவைத் திறந்த உடனே எஞ்சின் அணைந்துவிடும், மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். உங்கள் மாடலில் இந்தத் தொல்லை இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பைபாஸ் மாட்யூலில் போடும் சாஃப்ட்வேரைப் பொறுத்தது அது.

கிட்டுக்குப் போகும் முன், செலவே இல்லாமல் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். சிஆர்2032 மீட்டரில் 3 வோல்ட் காட்டும், ஆனால் பழைய பேட்டரியில் உள்தடை ஏறியிருப்பதால் பட்டனை அழுத்தும் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும், குளிரில் இன்னும் மோசம். கதவு திறக்கிறது, ரிமோட் ஸ்டார்ட் மட்டும் எடுக்கவில்லை என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், கதவைப் பக்கத்தில் நின்று திறக்கிறீர்கள், ஸ்டார்ட்டைத் தூரத்தில் நின்று அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்தும் முறையையும் கையேட்டில் பாருங்கள்: ஜிஎம்மில் லாக் அழுத்திவிட்டு ஸ்டார்ட் பட்டனை விடாமல் பிடிக்க வேண்டும், ஃபோர்டில் லாக் அழுத்தி ஸ்டார்ட்டை இரண்டு முறை தட்ட வேண்டும். இதில் முதல் லாக் சிக்னல் போய்ச் சேராவிட்டால் அடுத்தது எதுவும் எடுபடாது, எல்லையில் நின்று அழுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சாவியைத் தலைக்கு மேல் உயர்த்தியோ தாடையில் ஒட்டியோ பிடித்தால் இன்னும் கொஞ்சம் எட்டும் என்பது கட்டுக்கதை இல்லை, உயரமும் உதவுகிறது, தண்ணீர் நிறைந்த உடம்பும் சிக்னலை வெளியே தள்ள உதவுகிறது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: டேஷ்கேம். எஞ்சின் அணைந்திருக்கும்போதுதான் ரிமோட் ஸ்டார்ட்டை அழுத்துகிறோம், ஆகவே அந்த நேரத்தில் வண்டியில் எது மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் இடைஞ்சல் செய்ய முடியும். வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம், எப்போதும் உயிரோடு இருக்கும் சாக்கெட்டில் செருகிய மலிவு யுஎஸ்பி சார்ஜர், இவை ரேடியோ இரைச்சலைக் கக்கும். பக்கத்தில் மிக்ஸி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாதே, அதே கதைதான். அவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கிட் வாங்க வேண்டியதே இல்லை, நல்ல சார்ஜர் ஒன்று போதும். கிட் போட்ட பிறகும் இதே விதிதான், டேஷ்கேம் வயரையும் ஆன்டெனா கேபிளையும் ஒரே தூணில் சேர்த்து இறக்காதீர்கள்.

கம்பெனி ரிசீவரின் ஆன்டெனா வயரை நீட்டி ஒட்டினால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இஷ்டத்துக்கு நீளம் கூட்டினால் உள்ளதும் கெடும், 315-க்கு 24 சென்டிமீட்டர், 433-க்கு 17 சென்டிமீட்டர் என்று அந்தந்த அலைக்கு ஏற்ற நீளம் வேண்டும், வாரன்டியையும் யோசிக்க வேண்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாவியின் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள், பெரும்பாலும் சட்ட விரோதம்.

மொபைல் ஆப் வழி? ஜிஎம்முக்கு ஆன்ஸ்டார் இருக்கிறது, ஃபோர்டுக்கு ஃபோர்டுபாஸ், வெளியில் வாங்கும் கிட்டிலும் மொபைல் நெட்வொர்க்கில் பேசும் எல்டிஇ (4ஜி) மாட்யூல் சேர்க்கலாம். தூரம் என்ற பேச்சே இல்லை, நெட்வொர்க் இருந்தால் எங்கிருந்தும் எடுக்கும். ஆனால் பலவற்றுக்குச் சந்தா உண்டு, அழுத்தி சில நொடி பொறுக்க வேண்டும், அடித்தள பார்க்கிங்கில் நெட்வொர்க் இல்லாவிட்டால் செத்தது. அமெரிக்காவில் 2022-ல் 3ஜி நெட்வொர்க்குகளை மூடியபோது அதை நம்பியிருந்த பழைய மாட்யூல்கள் எத்தனையோ வேலை செய்யாமல் போயின, காசு கொடுத்து மாற்ற வேண்டி வந்தது. ரேடியோ ரிமோட்டுக்கு அந்தப் பயம் கிடையாது, அதனால்தான் ஆப் வசதி இருந்தாலும் நான் முதலில் கையில் எடுப்பது ரிமோட்டைத்தான்.

தூரம் கூடும்போது வண்டி கண்ணில் படாது என்பதை மறக்காதீர்கள். மூடிய கராஜுக்குள் நிற்கும் டிரக்கைத் தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், உயிர் போகிற விஷயம் அது. ரிமோட் பையில் கிடக்கும்போது தானாக அழுந்தாமல் பட்டன் லாக் வைத்துக்கொள்ளுங்கள், கராஜில் நிறுத்தும் நாட்களில் வாலே மோடில் போட்டு ரிமோட் ஸ்டார்ட்டையே முடக்கிவிடுங்கள். பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஸ்விட்சைப் பொருத்தாமல் விடும் ஆட்களும் இருக்கிறார்கள், பொருத்தியவரிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கும்போது பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், எஞ்சின் அசையவே கூடாது.

பொருத்தி முடித்ததும் ஆன்டெனாவை உடனே நிரந்தரமாக ஒட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் டேப் போட்டுத் தற்காலிகமாக நிற்கட்டும், நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, வண்டியின் நாலு பக்கமும் போய் அழுத்திப் பாருங்கள், முடிந்தால் முன்கண்ணாடி உங்கள் பக்கம் பார்க்கும்படியும் நிறுத்திப் பாருங்கள். திருப்தி என்றால் அப்புறம் ஒட்டி, கேபிளை மூடிக்குள் மறைக்கச் சொல்லலாம்.