இறங்கும் வாளா, ஓடும் வாளா? மைட்டர் சோ வாங்குமுன் ஓர் அலசல்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஏதாவது ஹாட்வெயார் கடைக்குள் போய் மைட்டர் சோ, அதாவது பலகையை நேராகவும் சாய்வாகவும் குறுக்கே அறுக்கும் மின்வாள், கேட்டுப் பாருங்கள். "ஸ்லைடிங்கா, சாதாரணமா?" என்பார்கள். விலை சொல்வார்கள், எத்தனை அங்குலப் பலகை வரை வெட்டும் என்பதையும் சொல்வார்கள். இரண்டிலும் கை பழக வேண்டிய விதமே வேறு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் ஆறு வருடம் சாதாரண 10 அங்குல மெசினில் வேலை செய்துவிட்டு ஸ்லைடிங்குக்கு மாறியவன். பழையதை விற்கவில்லை. வெள்ளவத்தையில் வீட்டின் பின்பக்கத்துப் பட்டறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எந்த வேலைக்கு எதன் முன்னால் போய் நிற்கிறேன் என்பதை வைத்தே இதை எழுதுகிறேன்.

கொம்பவுண்ட் என்பது இரண்டுக்கும் பொது. அடித்தட்டு இடமும் வலமும் திரும்பும், தலை பக்கவாட்டில் சரியும், இரண்டு சாய்வையும் ஒரே வெட்டில் எடுக்கலாம். சாதாரண மெசினில் தலை பின்னாலுள்ள ஒரு மூட்டில் தொங்கிக்கொண்டு ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஸ்லைடிங்கில் அதே தலை குழாய்த் தண்டுகளின் மேல் முன்னும் பின்னும் ஓடவும் செய்யும்.

அந்த ஓட்டத்தால் கிடைப்பது அகலம். சாதாரண 10 அங்குல மெசின் நேர் வெட்டில் ஐந்தரை, ஆறு அங்குலப் பலகையோடு நின்றுவிடும். 45 பாகைக்குத் திருப்பினால் நான்கு அங்குலம் போவதே பெரிது. 12 அங்குல பிளேட் போட்ட சாதாரண மெசின் எட்டு அங்குலம் வரை போகும். 10 அங்குல ஸ்லைடிங்கோ 12 அங்குலப் பலகையை ஒரே வெட்டில் முடித்துவிடும். கதவு நிலைக்கு 4க்கு 3 பலாச் சட்டம், யன்னல் சட்டம், பீடிங், ஸ்கேர்ட்டிங் என்று வேலை செய்பவருக்குச் சாதாரண மெசின் தாராளமாகக் காணும். அலுமாரித் தட்டும் படிப்பலகையும் வரும்போதுதான் கை கட்டிப்போகிறது. பாதி வெட்டி, பலகையைத் திருப்பிப் போட்டு மீதியை வெட்டலாமே என்பார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் நடுவில் ஒரு சின்னப் படி விழும். நகத்தால் தடவினால் பிடிபடும். சுவரோடு மறைகிற முனை என்றால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற முனை என்றால் பிறகு சீவுளியோடுதான் மாரடிக்க வேண்டும்.

இனி, கை அசைவு. இதில்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன்.

சாதாரண மெசினில் ஒரே அசைவுதான். சுவிட்சை அழுத்தி, பிளேட் முழு வேகம் எடுத்ததும் கீழே இறக்குகிறோம். ஸ்லைடிங்கில் அகலப் பலகை வெட்டும்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிளேட் ஓடாத நிலையில் தலையை மேலே தூக்கியபடி நம் பக்கம் இழுக்க வேண்டும். சுவிட்சை அழுத்தி முழு வேகம் வர விட வேண்டும். பலகையின் முன் ஓரத்தில் இறக்கி, பின்தடுப்பை (பலகையை ஒட்டிவைக்கும் பின்பக்கத் தடுப்பு) நோக்கித் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும். முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேட் முழுக்க நின்ற பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும்.

ஏன் தள்ள வேண்டும்? பிளேட்டின் அடிப்பகுதிப் பற்கள் நம்மிடமிருந்து பின்தடுப்பை நோக்கி ஓடுகின்றன. தள்ளி வெட்டினால் பலகை பின்தடுப்போடு ஒட்டி நிற்கும், பிளேட்டும் நம் கைக்கு அடங்கிப் போகும். இழுத்து வெட்டினால் அதே பற்கள் பலகையைச் சக்கரம் போலப் பற்றிக்கொண்டு மேலே ஏறி நம் பக்கம் பாயும்.

ஸ்லைடிங் வாங்கிய முதல் கிழமை நான் அதைத்தான் செய்தேன். 11 அங்குல மகோகனித் தட்டு. தலை பின்னால் இருந்தது. அப்படியே இறக்கி என் பக்கம் இழுத்தேன். இரண்டு அங்குலம் ஒழுங்காக வந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், மெசின் முழுவதும் ஒரு குலுக்கல், தலை என் நெஞ்சுப் பக்கம் எகிறி வந்து நின்றது. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தேன். இடது கை வெட்டுக் கோட்டிலிருந்து ஓர் அடி தள்ளி இருந்தது. அதனால் தப்பினேன். தட்டின் மேல்முகத்தில் பிறை வடிவில் மூன்று தடங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆழம். அன்று என்னோடு வேலை செய்துகொண்டிருந்த கொட்டாஞ்சேனை ஓடாவி அண்ணை பிளக்கைக் கழற்றிவிட்டு வந்து சொன்னார்: "இழுக்கேக்க வெட்டாதேங்கோ தம்பி, தள்ளேக்க வெட்டுங்கோ." பிறகு மெசினை ஓட விடாமலே இருபது தடவை அந்த அசைவைச் செய்ய வைத்தார். புதிதாக ஸ்லைடிங் வாங்குகிற எல்லோரையும் நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

பிளேட் விஷயத்திலும் ஸ்லைடிங் கொஞ்சம் பொல்லாதது. மேசை வாளுக்குச் செய்த பிளேட்டின் பற்கள் முன்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும், 15 முதல் 20 பாகை வரை. அதை ஸ்லைடிங்கில் போட்டால் பலகையை வாரிக்கொண்டு ஏறத்தான் பார்க்கும். பற்சாய்வு குறைந்ததையோ, பின்பக்கம் சாய்ந்ததையோ கேட்டு வாங்குங்கள். சாதாரண மெசினிலும் அதுவே நல்லது, ஆனால் அங்கே பிழைவிட்டால் தண்டனை அவ்வளவு கடுமையாக இருக்காது. பொது வேலைக்கு 40 பல், வடிவான முனை வேண்டுமென்றால் 60 அல்லது 80.

மற்ற எச்சரிக்கைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். பிளேட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் கை போகக் கூடாது. அவ்வளவு இடம் விடாத சின்னத் துண்டைக் கிளாம்பில் பிடியுங்கள், அல்லது நீளச் சட்டத்திலிருந்தே வெட்டி எடுங்கள். கைகளைக் குறுக்காகப் போட்டுப் பிடிக்காதீர்கள். கையுறை வேண்டாம், கண்ணாடி வேண்டும். வளைந்த பலகை என்றால் புடைத்த பக்கத்தைப் பின்தடுப்போடு வையுங்கள், வெட்டுக் கோட்டில் இடைவெளி இருக்கவே கூடாது. ஒரே அளவில் பல துண்டு வெட்ட முட்டுக்கட்டை வைப்பவர்கள் அதை நாம் பிடிக்கும் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். அறுந்து விழும் பக்கத்திலும் ஒன்றை வைத்தால் துண்டு பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கிப் பறக்கும்.

துல்லியம் என்று பார்த்தால் என் வாக்கு சாதாரண மெசினுக்கு. ஒரே மூட்டு, ஆடுவதற்கு இடம் குறைவு. ஸ்லைடிங்கில் தண்டும் பெயாரிங்கும் சேர்கின்றன. மலிவான மெசினில் தலையை முழுதாக முன்னால் இழுத்துவிட்டுப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினாலே கையில் தெரியும். கடையில் வாங்குமுன் கட்டாயம் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற மெசினில் கைப்பிடியை யார் எப்படி அழுத்துகிறார் என்பதைப் பொறுத்து வெட்டு மாறும்.

நேர் வெட்டைச் சோதிக்க மூலைமட்டத்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு ஓரமும் சமாந்தரமான, அகலமான பலகைத் துண்டொன்றை நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டு பாதிகளின் ஓரங்களையும் நேரான சட்டமொன்றோடு ஒட்டவைத்து, வெட்டுமுனைகளைச் சேருங்கள். வெளிச்சம் தெரிந்தால், அந்த இடைவெளி மெசினின் பிழையைப்போல் இரண்டு மடங்கு. ஸ்லைடிங்கில் இதை 10 அங்குலப் பலகையில் செய்து பாருங்கள். நான்கு அங்குலத்தில் ஒளிந்திருந்த பிழை அங்கே வெளியே வரும்.

அரைப் பாகைதானே என்று விடவும் முடியாது. படச்சட்டம் ஒன்றுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கம் பிழைத்தால் கடைசி மூலையில் நான்கு பாகை வாய் திறந்து நிற்கும். அதேநேரம், பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் மூலையே 90 பாகை இராது. அங்கே மெசின் 45 பாகையில் தானாக விழுந்து நிற்கும் பள்ளத்தை நம்பாமல், சாய்மட்டத்தால் (கோணத்தை அப்படியே எடுக்கும் கருவி) மூலையை எடுத்து அதில் பாதியை வையுங்கள்.

இடம் பற்றிக் கொழும்பில் பேசாமல் இருக்க முடியாது. ஸ்லைடிங்கின் தண்டுகள் பின்னால் நீளும்; சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. தண்டுக்குப் பதில் மடியும் கை வைத்த போஷ் அக்சியல் கிளைட் போன்றவை அந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன, விலைதான் கூட. பாரமும் அப்படியே: சாதாரண 10 அங்குலம் 11 முதல் 15 கிலோ, ஸ்லைடிங் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு. மூன்று கிழமை கவனிக்காமல் விட்டால் தண்டில் துரு புள்ளி வைத்துவிடும். துணியில் கொஞ்சம் மெசின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்; தாராளமாக ஊற்றினால் மரத்தூள் களிபோல ஒட்டிக்கொள்ளும்.

கறன்ட் விஷயம் ஒன்று. ஜப்பானிலிருந்து வரும் பழைய மெசின்கள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் மோட்டார் கருகும். மெசினைவிடக் கூடுதல் வாட்ஸ் தாங்கும் டிரான்ஸ்போமரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 1,650 வாட்ஸ் மெசின் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளின் 5 ஆம்பியர் பிளக்கில் அதை ஓட்டவே கூடாது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, பலர் அதை நினைப்பதில்லை. சாதாரண 10 அங்குல மைட்டர் சோவோடு கையில் பிடிக்கிற சேர்கியூலர் சோ ஒன்று. அகலப் பலகை வந்தால் நேரான சட்டமொன்றைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி ஓட்டினால் 12 அங்குலம் என்ன, முழு பிளைவூட்டையே வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் அளந்து சட்டம் கட்டுகிற நேரம்தான் நட்டம். மாதம் இரண்டு அலுமாரி என்றால் இது போதும். கிழமைக்கு இரண்டு என்றால் கை அலுத்துவிடும், ஸ்லைடிங் எடுக்கலாம். எடுத்தபின்னும் ஒடுங்கிய சட்டங்களை வெட்டும்போது தலையைப் பின்னால் தள்ளி, தண்டைப் பூட்டிவிட்டுச் சாதாரண மெசினைப்போல இறக்கி வெட்டுங்கள். ஓட்டம் தேவைப்படாத இடத்தில் அதைத் திறந்து வைக்கத் தேவையில்லை.

போன மாதம் பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவர் வந்து கேட்டார். தொடர்மாடி வீடுகளுக்கு ஸ்கேர்ட்டிங்கும் பீடிங்கும் அடிக்கிறார், மெசினை மாடி மாடியாகத் தூக்குகிறார். ஸ்லைடிங்குக்குக் காசு சேர்த்து வைத்திருந்தார். சாதாரண 10 அங்குலத்தை வாங்கி, மிச்சக் காசில் 60 பல் பிளேட் ஒன்றும் நல்ல கிளாம்ப் இரண்டும் எடுக்கச் சொன்னேன்.