கணவாயைத் தாண்டுவதா, சுற்றிப் போவதா, தங்கிவிடுவதா?

வீடு மலைக்கு அந்தப் பக்கம். மாலை நான்கு மணி. அடிவாரத்தில் வெறும் தூறல்தான், ஆனால் மேலே பனிப்புயல் என்கிறது வானிலை எச்சரிக்கை. பின் சீட்டில் இருப்பவர்கள் "எப்போ போய்ச் சேருவோம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதே கணவாயைத் தாண்டிவிடலாம், மலையைச் சுற்றிப் பள்ளத்தாக்குச் சாலையில் போகலாம், அல்லது இரவு இங்கேயே தங்கலாம்.

முதலில் கணவாய். இந்த வழியை யோசிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "வண்டி ஏறிவிடுமா?" என்பதுதான். ஏறுவது பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏற்றத்தில் பிடி போனால் சக்கரம் வீணாகச் சுற்றும், பெரும்பாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும். இறக்கத்தில் பிடி போனால் நிற்காது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, காய்ந்த தார்ச் சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கும். சமதளத்தில் இறுகிய பனி என்றால் ஏறக்குறைய 50 மீட்டர். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவில் அதே பனி இருந்தால் 80 மீட்டர். பனிக்கட்டி படர்ந்து உராய்வுக் குணகம் (சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடியைச் சொல்லும் எண்) 0.1 அளவுக்கு விழுந்துவிட்டால், அதே சரிவில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர். ஓட்டுகிறவர் சுதாரிக்க எடுக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. கொண்டை ஊசி வளைவு அதற்கு முன்பே வந்துவிடும்.

வேகத்தை 30-க்குக் குறைத்தால், இறுகிய பனிச் சரிவில் அந்த 80 மீட்டர் 30 மீட்டராகச் சுருங்கும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்து, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குவது நல்லது. வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைத் தேடக் கூடாது.

"என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு" என்று சிலர் தைரியமாகக் கிளம்புவார்கள். ஏற்றத்தில் அது பெரிய பலம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது, அந்த விஷயத்தில் அவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. இறங்க முடியாத உயரத்துக்கு அவரைச் சுலபமாக ஏற்றிவிடும், அவ்வளவுதான். உண்மையில் உதவுவது டயர். குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் மென்மையாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "எம் பிளஸ் எஸ்" (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் எனக்குப் போதாது, அது டயரின் வரிப்பள்ள அமைப்பைத்தான் சொல்கிறது.

இறுகிய பனியில், செங்குத்தான சாலையில், சக்கரத்தைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி குளிர்கால டயரையும் மிஞ்சும். ஆனால் பொதுவாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, பனியில்லாத சாலை வந்தவுடன் கழற்றிவிட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிக்கு முன்னால் மட்டும் சங்கிலி கட்டினால், இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கித் திரும்பக் கூடும். அதை மாட்டுவதையும் கீழே சமதளத்திலேயே முடித்துவிடுங்கள். காற்றடிக்கும் மேட்டில், விறைத்த விரலால் கொக்கி மாட்டிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அந்தத் தப்பைச் செய்வதில்லை.

பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போகக் கிடைத்தால் கணவாய் வழியின் மதிப்பு கொஞ்சம் கூடும். அதை முந்த நினைத்தால் மொத்தமும் போச்சு, அதற்கு முன்னால் இருப்பது தள்ளாத பனி.

"புயல் வலுக்கும் முன் தாண்டிவிடலாம்" என்ற வாதமும் உண்டு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் 4 டிகிரியில் தூறல் என்றால், 1000 மீட்டர் மேலே உறைநிலைக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். அதிலும் பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் கடுங்குளிர்ப் பனிக்கட்டியைவிட அதிகம் வழுக்கும். ஆக, கீழிருந்து தூறலைப் பார்க்கும்போதே அந்த "முன்" முடிந்துபோயிருக்கலாம்.

அப்புறம் பள்ளத்தாக்கு வழி. தூரம் இரண்டு மடங்கு ஆகலாம், தூக்கமும் வரும். இருந்தாலும் எனக்கு இது பிடிக்கும். காரணம், பாதி வழியில் மனதை மாற்றிக்கொள்ள முடியும். வழியில் ஊர்கள் வரும், வண்டியைத் திருப்ப இடம் இருக்கும், போனில் சிக்னல் கிடைக்க வாய்ப்பு அதிகம். கணவாயில் பனிக்குவியலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அப்படித் திருப்ப முடியாது. பாலங்களில் மட்டும் கவனம் வேண்டும். மேலும் கீழும் காற்று படுவதால், மற்ற சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். தாழ்வான வழி என்றால் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே வெப்பக் காற்று நகர்ந்தால், மழையாக விழுவது சாலையைத் தொட்டதும் கண்ணாடிபோல் உறையும். "உறையும் மழை" என்று எச்சரிக்கை வந்திருந்தால் இந்த வழியையும் விட்டுவிடுவேன்.

தங்குவதில் பெரிதாக அலச ஒன்றும் இல்லை. ஓர் இரவு போகும். கனத்த பனிக்குப் பிறகு பனிச்சரிவு அபாயம் இருந்தால் மறுநாளும் கணவாய் மூடியிருக்கலாம், அதையும் எதிர்பார்த்தே தங்க வேண்டும். ஆனால் தங்குவது என்றால் கூரைக்குக் கீழே. சாலையோரம் காரிலேயே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவது வேறு கதை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைப்பகுதியில் பனியில் சிக்கிய வண்டிகளில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பனி சைலன்சர் குழாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, தெரியாமலே மயக்கிவிடும். வேறு வழியின்றிச் சிக்கிக்கொண்டால் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். ஜன்னலில் ஓர் இடுக்கு இருக்கட்டும். வண்டியை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். மின்சாரக் காரில் புகைப் பிரச்சினை இல்லை, ஆனால் குளிரில் பேட்டரி தரும் தூரம் குறையும். நிறைய மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சரி, என் தேர்வு? பலத்த காற்றும் இருட்டும் சேர்ந்தால் தங்கிவிடுவேன். பகல் மிச்சமிருந்து, உறையும் மழை இல்லையென்றால் பள்ளத்தாக்கு வழி. கணவாய் என்றால், சாலை திறந்திருக்க வேண்டும், நல்ல டயர் இருக்க வேண்டும், அந்தப் பக்க இறக்கமும் வெளிச்சத்தில் முடிய வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான். வீட்டுக்குப் போன் செய்யும்போது மட்டும் "எட்டு மணிக்குள் வந்துடுவேன்" என்று சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு, பாதி ஏற்றத்தில் திரும்பத் தோன்றியும், அந்த எட்டு மணிக்காக இன்னும் நான்கு வளைவு ஏறியிருக்கிறேன்.