பில்லி கிரஹாம் கூட்டப் பதிவுகள்: எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமின் பதிவுகளில் முதலில் பார்க்க வேண்டியவை 1957-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கூட்டங்கள். ஆறு வாரம் என்று மே 15-இல் தொடங்கியது பதினாறு வாரம் நீண்டது. ஜூன் 1 முதல் சனிக்கிழமை இரவுகளில் ஏபிசி தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. திரையில் ஓடுவதையே ஃபிலிமில் பிடித்து வைத்த காலம் அது, அதனால் படம் மங்கல்தான். பொறுத்துக்கொள்ளலாம்.

கிளிஃப் பாரோஸ் நடத்தும் பாடகர் குழு, ஜார்ஜ் பெவர்லி ஷேயின் தனிப்பாடல், அப்புறம் பிரசங்கம். பேச்சு வேகமானது, ஆனால் ஒரு சொல்லும் புரியாமல் போகாது. "வேதம் சொல்லுகிறது" என்று திரும்பத் திரும்ப வரும்.

பிரசங்கம் முடிந்ததும் பலர் பதிவை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், உயிரான பகுதி, கிறிஸ்துவை ஏற்க விரும்புகிறவர்களை முன்னே வரச் சொல்லும் அழைப்புதான். அழைத்த பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். தலை குனிந்து, மோவாயைக் கையில் தாங்கி நிற்பார். பாடகர் குழு மெதுவாக ஆங்கிலத்தில் பாடும் பாட்டு, நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் உள்ள 'நான் பாவிதான்'. சனம் இறங்கி வரும். வருகிற எல்லாரையும் மனந்திரும்பியவர்களாக எண்ணிவிட வேண்டாம். பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் அதே நேரத்தில் எழுந்து வருவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், கூடியவரை ஒத்த வயதில் ஒருவர் பக்கத்தில் நின்று பேசி, ஜெபித்து, பெயர், முகவரி, எடுத்த தீர்மானம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதுவார். அந்தச் சீட்டு உள்ளூர்ச் சபைக்குப் போகும். ஊழியத்தின் முதுகெலும்பே இதுதான். சபை வீடு தேடிப் போகாவிட்டால் சீட்டு வெறும் காகிதம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த ஆலோசகரும் இல்லை; மினியாபொலிஸில் இருந்த கிரஹாமின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். 1957 ஒளிபரப்பின் பெரிய குறை இது.

கிரஹாம் பண விஷயத்தில் கறாராக இருந்தவர். 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் குழுவாக உட்கார்ந்து பணம், ஒழுக்கம், கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையைச் சொல்வது பற்றி விதி வகுத்தார்கள். 1952 முதல் காணிக்கையை விட்டுச் சம்பளத்துக்கு மாறினார். ஆனால் அமெரிக்க அதிபர் நிக்சனோடு பழகிய நெருக்கம் மாறாத கறை. 1972-இல் யூதரைப் பற்றி அவரிடம் இழிவாகப் பேசியது 2002-இல் ஒலிநாடாவாக வெளிவந்தது. கிரஹாம் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவதாக 1973 சியோல் பதிவைப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் கிம் ஜாங் ஹ்வான். கிரஹாம் சின்னச் சின்ன வாக்கியமாக விடுகிறார், கிம் அதே குரலேற்றத்தில், அதே கையசைவில் பிடித்துக்கொள்கிறார். நம் கன்வென்ஷன் மேடையில் மொழிபெயர்க்க நிற்கிறவர்கள் இதை நாலு தடவையாவது பார்க்க வேண்டும்.