திறந்தால் தங்கம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "நீங்க வச்சிருக்கிற பில்லிங் சாஃப்ட்வேர இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. பினாங்கு லெபோ பாசாரில் எங்கள் மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே மென்பொருளைத் திறக்க வைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது வாங்கியது. 2018 ஜூனில் அந்த வரி பூஜ்யமானது, செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது. இரண்டு முறையும் எங்களுக்கு முன்பே அது தயாராக இருந்தது. மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைப்பலகையிலேயே முடியும். மல்லித்தூள் 250 கிராமுக்குக் கல்லா அக்கா மூன்று விசை தட்டுவார், கண் வாடிக்கையாளர் மேலேயே இருக்கும். தீபாவளிக் கூட்டத்தில்கூட அது திணறிப் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பில் காணாமல் போனதில்லை.

ஆனால் திறக்க வேண்டுமே.

கடைக் கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள அட்மின் கணக்கு என்னிடம் மட்டும்தான். அண்ணன் மகன் ஏதோ விளையாட்டை இறக்கி, கூடவே ஒரு வைரஸையும் இறக்கிய நாளிலிருந்து அக்காவுக்கும் மாலை நேரத் தம்பிக்கும் சாதாரணப் பயனர் கணக்குதான். வரித்துறை கேட்கும் மின்னணு பில்லான இ-இன்வாய்ஸுக்காகப் புதிய பதிப்பைப் போட்டேன். என் கணக்கில் அருமையாகத் திறந்தது. மறுநாள் காலை அக்கா: "தம்பி, வட்டம் சுத்துது, நின்னுடுது. ஒண்ணும் வரல லா."

உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. ஐகானை இரண்டு முறை தட்டினால் நீல வட்டம் இரண்டு விநாடி சுற்றும், மறையும். டாஸ்க் மேனேஜரில் பெயர் ஒரு கணம் தோன்றி அழியும். 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி காட்டியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சம்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இருபது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு ஒருவர் மலாயில் சொன்னது: "காசி அட்மின் சாஜா லா." எல்லாருக்கும் அட்மின் கொடுத்துவிடு, அவ்வளவுதான். ஷட்டர் திறக்கவில்லை என்றால் லாக்கர் சாவியையும் சேர்த்துக் கொடு என்பது போல. 2007-ல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் இதைத்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எட்டு வருடம் கழித்து விற்ற மென்பொருளுக்கு அது காதில் விழவில்லை.

'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போட்டு என் கடவுச்சொல்லை அடித்தால் திறக்கிறதே என்பீர்கள். திறந்தது. ஆனால் அப்போது அது அக்காவின் பெயரில் ஓடவில்லை, என் பெயரில் ஓடியது. அவர் சேமித்த பில்கள் என்னுடைய டாக்குமென்ட்ஸில் போய் உட்கார்ந்தன. அவர் கணக்கில் தெரியும், பிணையத்தில் பகிர்ந்த இசட் டிரைவ் என் பெயரில் ஓடிய மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க "பில்லு எங்க போச்சு தம்பி" தான்.

கடைசியில், எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரி வரியாகக் காட்டும் பிராசஸ் மானிட்டரை இறக்கினேன், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவது. அக்காவின் கணக்கிலிருந்தபடியே அதை மட்டும் என் கடவுச்சொல்லில் ஓடவிட்டு, மென்பொருளின் பெயரையும் 'ஆக்சஸ் டினைட்' (அனுமதி மறுப்பு) என்ற விடையையும் வடிகட்டியில் போட்டு, ஐகானைத் தட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகள் வடிந்து நான்கே வரி நின்றது. நான்கும் ஒரே கோப்பு: மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள், இதன் சொந்தக் கோப்புறையிலேயே கிடக்கும் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு. கடைசி பில் எண், பிரிண்டர் பெயர், அவ்வளவுதான் அதற்குள். சாதாரணப் பயனர் அந்த இடத்தில் படிக்கலாம், எழுத முடியாது. எழுத முடியாததும் இந்தப் பெருமான் பேசாமல் செத்துப்போகிறார்.

பிறகு ஏன் பழைய பதிப்பு மட்டும் அக்காவுக்குத் திறந்தது? இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய 32 பிட் மென்பொருள்கள் இப்படி எழுதப் பார்த்தால், விண்டோஸ் தடுக்காமல் 'எழுதிவிட்டாய்' என்று நம்பவைத்து, அந்தப் பயனருக்கே உரிய ஆப்டேட்டாவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறையில் ஒரு தனி நகலை வைத்துவிடும். நவீன மென்பொருள் என்று தன்னை அறிவித்துக்கொண்டதற்கு அந்தச் சலுகை கிடையாது. புதிய பதிப்பு அறிவித்துக்கொண்டது. பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆக, பழைய பதிப்பில் ஆளுக்கொரு ஐஎன்ஐ. ஆளுக்கொரு கடைசி பில் எண். இன்னும் நகல் இல்லாத புதுக் கணக்குக்கு, புரோகிராம் ஃபைல்ஸில் எப்போதோ நின்றுபோன மூல எண்ணிலிருந்துதான் தொடக்கம்.

2019 தீபாவளிக்கு ஒரு மாணவியைப் பகுதிநேர வேலைக்கு எடுத்தோம். அவளுக்கென்று புதுக் கணக்கு திறந்து கொடுத்தது நான்தான். அவள் போட்ட பில்களுக்கெல்லாம் பல வருடத்துக்கு முந்தைய எண்கள். தேதி வேறு என்பதால் மென்பொருளும் மறுக்கவில்லை. கணக்காளர் கண்டுபிடித்துக் கேட்டபோது, "செட்டிங்கில கை வச்சியா?" என்று கடையில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன். இல்லை அண்ணே என்றாள். நான் நம்பவில்லை. இப்போது அவள் கணக்கின் வர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். அதே ஐஎன்ஐ, அவள் கடைசியாகப் போட்ட பில் எண்ணோடு, அப்படியே இருக்கிறது. அவள் இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாளாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் மோர்ப்பந்தலில் பார்த்திருக்கிறேன். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

சரி, தீர்வு. அந்த ஒரு கோப்பின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அங்கே 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை', அதாவது மாற்றி எழுதும் உரிமை. முழுக் கோப்புறைக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மென்பொருளையே எவரும் மாற்றி வைக்கலாம், பூட்டிய வீட்டுக்குக் கூரையைப் பிரித்த கதை. பில் தரவு இருக்கும் இடத்தை, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான புரோகிராம்டேட்டாவுக்கு மாற்ற மென்பொருளிலேயே வழி இருந்தது, மாற்றிவிட்டேன். அக்காவின் கணக்கில் திறந்தது. பிரிண்டர் கிறீச்சென்று ஓடியது.

மூன்று வாரம். அப்புறம் ஒரு சின்ன அப்டேட் வந்தது. அது பழைய ஐஎன்ஐயை அழித்துப் புதிதாக ஒன்றை வைத்தது, நான் கொடுத்த அனுமதியும் அதோடு போனது. மறுபடியும் வட்டம். நண்பர் போன் போட்டது அந்த நேரத்தில்தான்.

நேற்றிரவு அவருக்குச் சொன்னேன்: வாங்காதீர்கள். கடையில் ஒரே ஆள், ஒரே கணக்கு என்றால் இதைவிட நல்லது கிடைக்காது, ஆனால் உங்களிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். "அப்ப நீங்க மாத்தப் போறீங்களா?" என்றார். நான் போன மாதமே இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், முழு விலைக்கு. அக்காவின் விரல்களுக்கு வேறொன்றைப் பழக்க எனக்குத் தைரியம் இல்லை.