மெர்க்கூர் 34சி: கழுத்தில் கொப்புளம் வருகிறவர்களுக்கு ஏற்ற ரேசர்

ஞாயிறு தவிர எல்லா நாளும் முகம் மழித்தே ஆக வேண்டிய வேலை என்னுடையது. மெடிக்கல் ரெப். வீடு மதுரையில், வேலையோ ராமநாதபுரம், தேனி, திருநெல்வேலி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குத் தாடி முரட்டு முடி. கழுத்துப் பக்கம் சுருண்டு சுருண்டு வளரும். இப்படிப்பட்ட முகத்துக்கு எது ஒத்துவரும் என்று பல ரேசர்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் நிலையாக வைத்துக்கொண்டது ஜெர்மனியின் சோலிங்கனில் தயாராகும் மெர்க்கூர் 34சி. நம் அப்பா, தாத்தா வைத்திருந்த ஷேவிங் செட் வகைதான் இதுவும், சேஃப்டி ரேசர் என்பார்கள். இரண்டு பக்கமும் கூராக ஒரே ஒரு பிளேடு, அதன் மேல் ஒரு மூடி, கீழே கைப்பிடி.

ஒற்றை பிளேடுக்கு ஏன் போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே தலையில் பல பிளேடுகளை அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசர்களில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். 1971இல் ஜில்லெட் கொண்டுவந்த ட்ராக் டூவில் இரண்டு பிளேடு, 1998இன் மாக் த்ரீயில் மூன்று, 2006இன் ஃப்யூஷனில் ஐந்து. நேராக வளரும் மெல்லிய முடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, வழுவழுவென்று இருக்கும். சுருள் முடி அப்படி இல்லை. தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட நுனி வெளியே வர வழி கிடைக்காமல் தோலையே குத்திக்கொண்டு உள்ளே வளரும். அதுதான் கழுத்தில் சிவந்து சிவந்து வருகிற கொப்புளம். தோல் மருத்துவர்கள் சூடோஃபோலிகுலைட்டிஸ் பார்பே என்று எழுதுவது இதைத்தான். ஒற்றை பிளேடு முடியைத் தோலோடு ஒட்ட வெட்டிவிட்டு அத்தோடு நின்றுவிடுகிறது. எனக்குக் கழுத்து தெளிந்தது இந்த மாற்றத்தால்தான்.

சரி, சேஃப்டி ரேசர் என்று முடிவாகிவிட்டது, அதில் எது? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பார்க்க வேண்டியது பிளேடு உட்காரும் தலையை. பிளேடின் கூருக்கும் அதன் கீழே இருக்கிற தடுப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, மூடியைத் தாண்டிக் கூர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இந்த இரண்டும்தான் ரேசரின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இடைவெளி குறைந்தால் சாது, கூடினால் முரடு. ஜெர்மனியின் இன்னொரு கம்பெனியான ம்யூலே இதற்கு நல்ல உதாரணம். அவர்களுடைய ஆர்89 அமைதியான ரேசர். ஆர்41 சீப்புப் பல் வைத்தது, பிளேடு நன்றாக வெளியே தெரியும், கை பழகாதவர்கள் தொடவே கூடாது. கைப்பிடி ஒரே மாதிரி இருக்கும், தலை மட்டும்தான் வேறு. ஆகவே படத்தைப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். முடி முரடாக இருந்தால் ரேசரும் முரடாக இருக்க வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முரட்டு முடிக்குத் தேவை ஊறவைத்தலும் புது பிளேடும்தான். தலை சாதுவாகவே இருக்கட்டும்.

34சி சாதுவுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கிற ரேசர். எடை 77 கிராம் அளவில் வரும், நீளம் எட்டரை சென்டிமீட்டருக்குப் பக்கம். குட்டையாக, கனமாக இருப்பதால் கனம் முழுக்கத் தலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இது பெரிய விஷயம். கார்ட்ரிட்ஜ் பழகிய கை தானாகவே அழுத்தும். சேஃப்டி ரேசரில் அழுத்தினால் ரத்தம்தான். இந்த ரேசரைக் கைப்பிடியின் அடி நுனியில் இரண்டு விரலால் பிடித்துத் தோல் மேல் சும்மா வைத்தால் போதும், அதன் எடையே வேலையைச் செய்துவிடும். கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய சொரசொரப்பு இருக்கிறது. சோப்புக் கையிலும் வழுக்காது.

கோணம் பிடிபட ஒரு வழி சொல்கிறேன். கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டி, மூடி மட்டும் தோலில் படும்படி வையுங்கள். பிளேடு இப்போது தொடாது. அப்படியே மெதுவாக இழுத்துக்கொண்டே கைப்பிடியைக் கீழே சாயுங்கள். ஓரிடத்தில் சர்ரென்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். அந்தக் கோணத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏறக்குறைய முப்பது டிகிரி வரும். இந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். நுரை காய்ந்துவிட்டால் சத்தம் மட்டுப்படும், பிளேடு மழுங்கினால் கரகரக்கும். கண்ணாடியைப் பார்ப்பதைவிடக் காதால் கேட்டுச் செய்வதுதான் நல்லது.

பிளேடு மாற்றுவது சுலபம். இது இரண்டு துண்டு ரேசர். அடியில் இருக்கிற குமிழைத் திருகினால் மூடி மட்டும் கழன்று மேலே வரும். பிளேடை அதில் பொருத்தி, திரும்ப வைத்துத் திருக வேண்டியதுதான். மூன்று துண்டாகக் கழலும் ரேசர்களில் ஈரக் கையோடு தட்டு, மூடி, கைப்பிடி மூன்றையும் பிடித்துக்கொண்டு தடுமாற வேண்டும். முடுக்கியபின் இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் லேசாகத் தளர்த்தி, பிளேடின் குறுகிய ஓரங்களைப் பிடித்து நேராக்கி மறுபடியும் முடுக்கலாம். கைப்பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிற பட்டாம்பூச்சி வகை இன்னும் சுலபம்தான். ஆனால் எங்கள் போர் தண்ணீருக்கு அது சரிப்படவில்லை. நான் வாங்கிய ஒன்றில் உப்புப் படிந்து கதவு பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ரேசர் விமர்சனம் எழுதுகிற யாரும் இதைத் தொடுவதில்லை. ராமநாதபுரம் லாட்ஜ்களில் போர் தண்ணீரில் பிரஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை வராது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாக ஒதுங்கிவிடும். அதே சோப்பு, அதே பிரஷ் திருநெல்வேலியில் தாமிரபரணித் தண்ணீர் பட்டவுடன் தயிர் மாதிரி கெட்டியாக நிற்கும். முதல் ஊரில் முகம் எரியும், இரண்டாவது ஊரில் எரியாது, ரேசர் ஒன்றேதான். அதனால் போர் தண்ணீர் ஊரில் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். பிரஷ் நனைக்கவும் நுரை போடவும் அது மட்டும். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். ரேசர் குறையா தண்ணீர் குறையா என்று பிரித்துப் பார்க்காமல் ரேசரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பிளேடு விஷயத்தில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி. ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை என்று பெயர் வாங்கியது, அது உண்மையும்கூட. 34சி மாதிரி அடக்கமான தலையில் அதைப் போட்டால் என் முடிக்கு அருமையாக இருக்கிறது. துருக்கியின் டெர்பி என் தாடிக்குப் போதவில்லை. மெல்லிய முடிக்காரர்களுக்கு அதுவே இதமாக இருக்கலாம். அன்றாடத்துக்கு நான் போடுவது செவன் ஓ கிளாக். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது, பிளேடு ஒன்றுக்குச் சில ரூபாய்தான். ஆரம்பத்தில் நூறு பிளேடு பெட்டியாக வாங்காமல், நாலைந்து பிராண்டில் ஒவ்வொரு சின்ன பாக்கெட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ரேசர் அப்படியே இருக்க, பிளேடை மட்டும் மாற்றினால் வித்தியாசம் முகத்திலேயே தெரியும்.

கழுத்துக்கு இன்னொன்று. முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று ஒரு நாள் மழிக்காமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு இடது தாடைக்குக் கீழே முடி காதுப் பக்கம் சாய்ந்து வளர்கிறது. எல்லாரையும் போல மேலிருந்து கீழே இழுத்தால் அங்கே பாதி முடி நின்றுவிடும். அந்த இடத்தில் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக் காதை நோக்கி ஒரு இழுப்பு, அப்புறம் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு இழுப்பு. அதோடு சரி. கழுத்தில் எதிர்த்திசையில் நான் மழிப்பதே இல்லை. முடித்ததும் குளிர்ந்த தண்ணீர், படிகாரக் கல். சலூனில் தேய்ப்பார்களே, அதே கல்தான். எங்கே எரிகிறதோ அங்கே அன்று அழுத்திவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

34சியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கைக்கு இது குட்டை. அவர்கள் மெர்க்கூரிலேயே நீளக் கைப்பிடி வைத்த 38சி பார்க்கலாம், எடையும் இன்னும் கூடுதல். தலையின் அடிப்பகுதியும் கைப்பிடியும் ஒன்றாகவே இருப்பதால் உள்ளே சேர்கிற சோப்பை முழுதாகத் துடைக்க முடியாது. பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத் பிரஷும் வைத்து அவ்வப்போது தேய்த்து விட வேண்டும். உப்புப் படிந்தால் வினிகரில் துணி நனைத்துத் துடையுங்கள், ஊறப் போடாதீர்கள். குரோம் பூச்சுக்குக் கீழே தலை துத்தநாகக் கலவை, அமிலம் அதற்கு ஆகாது. டைல்ஸ் தரையில் விழுந்தாலும் ஆபத்துதான். வாழ்நாள் முழுக்க ஒரே ரேசர் என்று நினைப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசருக்குப் போகட்டும், விலை இதைவிட ஏறும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்கிறவர்களுக்கு மெர்க்கூரின் ப்ராக்ரெஸ் இருக்கிறது. குமிழில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டிருக்கும். தினமும் ஒரே மாதிரி மழிக்கிற எனக்கு அது தேவைப்படவில்லை.

தீர்ந்த பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். குப்பை பிரிக்கிறவர்களின் கையைத்தான் கிழிக்கும். நான் ஒரு பழைய பவுடர் டப்பாவின் மூடியில் நீளமாகக் கீறல் போட்டு அதற்குள் போட்டு வருகிறேன். நிறைந்ததும் டேப் ஒட்டி மூடி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.